கதவுக்குள் பெய்யும் மழை

திம்புள்ள என்ற பெயரைப் புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களில் பலர் இரண்டு இடங்களில் மட்டுமே பார்த்திருப்பார்கள். ஒன்று, தேயிலைப் பெட்டியின் மேலே. மற்றது, விபத்துச் செய்தியொன்றின் கடைசி வரியில். "சம்பவம் தொடர்பான மேலதிக விசாரணைகளைத் திம்புள்ள – பத்தனை பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்ற வாக்கியத்தை என் பத்திரிகை வாழ்க்கையில் எத்தனை தடவை எழுதினேன், பிறர் எழுதியதை எத்தனை தடவை திருத்தினேன் என்பதற்குக் கணக்கேயில்லை. வளைவில் சறுக்கிய லொறி, பள்ளத்தில் இறங்கிய வேன், பனிமூட்டத்தில் நேருக்கு நேர் மோதிய முச்சக்கர வண்டிகள். வண்டி எப்படி விழுந்தது என்று எழுதுவோம். அந்த வண்டியின் கதவு உள்ளேயிருந்து திறந்ததா என்று ஒருநாளும் எழுதியதில்லை. கேட்கவும் தோன்றியதில்லை.

இப்போது கேட்கத் தோன்றுகிறது. காரணம், கடந்த மூன்று மாதங்களாக நான் ஒரு பழைய மோட்டார் வண்டியின் கதவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அரசியல் எழுதுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். கதவைக் கழற்றினால் அரசியலும் கொஞ்சம் உள்ளேயிருந்து விழத்தான் செய்கிறது.

வண்டி என் தந்தையாருடையது. 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர், நான்கு கதவுகள், ஸ்ரீ எண். அந்த ஸ்ரீ எழுத்தின் வரலாறு தெரியாத இளைய தலைமுறைக்காக ஒரு வரி: 1957இல் இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ புகுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு அடுத்த ஆண்டு மலைநாட்டுக்கும் பரவியது. திம்புள்ளவுக்குப் பக்கத்திலுள்ள பொகவந்தலாவையில் 1958இல் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டார்கள். அந்த ஆண்டின் வண்டி, அந்த எழுத்தைத் தாங்கிக்கொண்டு இன்னமும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. தந்தையார் அதைப் பற்றிப் பேசியதில்லை. வண்டியைக் கழுவும்போது மட்டும் இலக்கத் தகட்டைக் கடைசியாகத் துடைப்பார்.

அவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற முடியாதவற்றை விற்றார்கள். மேசை, பியானோ, நாய்க்குட்டி, மோட்டார் வண்டி. அப்படி வந்ததுதான் இது. கிளாக்கர் காரில் போவதைத் தொழிலாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் அறிவேன். அதில் மதிப்பும் இருந்தது, கசப்பும் இருந்தது. துரைக்கும் லயத்துக்கும் நடுவில் நின்றவர்களின் வாழ்க்கை அப்படித்தான். ஆனால் இரவு நேரத்தில் பிரசவ வலி வந்தாலோ, பாம்பு கடித்தாலோ, தோட்டத்து லொறி ஊரில் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஓர் ஆனிமாத இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லிந்துலை ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனோம். முன்னாசனத்தில் நான். பின்னால் அந்தப் பெண்ணும் அவளுடைய தாயும். பாதி வழியில் பின்கதவுக் கண்ணாடி 'தொப்'பென்று கதவுக்குள் விழுந்துவிட்டது. கொட்டும் மழை. அந்தத் தாய் தன் கம்பளியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் விரித்து, ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த இடைவெளியை மறைத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது அவள் முழுக்க நனைந்திருந்தாள், மகள் நனையவில்லை. கண்ணாடி விழுந்ததற்குக் காரணம், உள்ளே அதைத் தாங்கியிருந்த தகடு துருப்பிடித்து அற்றுப்போனதுதான். கதவின் உட்பலகையை ஆறு மாதத்துக்கு முன்பு கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

அந்த உட்பலகையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் இதற்கு 'டோர் போட்' என்று பெயர். சாய்மானமும் கைபிடியும் கண்ணாடி சுழற்றியும் பொருத்தப்பட்டு, ரெக்சீனோ துணியோ போர்த்தி, நம் முழங்கையின் பக்கத்தில் இருக்கும் பலகை. வண்டி வாங்குகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பதும், விற்கிறவர்கள் முதலில் மினுக்குவதும் இதைத்தான். அது வெறும் அலங்காரம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் தவறு, அதுவும் மலைநாட்டில் ஆபத்தான தவறு என்பதே என் வாதம்.

ஒரு வண்டிக்கதவின் உள்ளே மழை பெய்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கண்ணாடி மேலும் கீழும் போக வேண்டுமானால் அதற்கு ஓர் இடைவெளி வேண்டும். அதன் இருபுறமும் இருக்கும் ரப்பர் பீடிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வழியும் நீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கியே தீரும். வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். ஆகவேதான் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை விட்டிருக்கிறார்கள். உள்ளே இறங்கிய நீர் அவ்வழியே வடிந்துவிடும். கதவின் இரும்புச் சட்டத்துக்கும் உட்பலகைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். அக்காலத்தில் மெழுகோ தாரோ பூசிய தாள், பிற்காலத்தில் பொலித்தீன். அதன் கீழ்விளிம்பு கதவின் உட்பக்கமாகச் செருகப்பட்டிருக்கும். அதன்மேல் தெறிக்கும் நீர் திரும்பவும் கதவுக்குள்ளேயே வழிந்து துளை வழியே போய்விட வேண்டும் என்பதற்காக. ஐந்து ரூபாச் சரக்கு. அது இல்லாவிட்டால் நீர் முழுவதையும் பலகை குடிக்கும்.

பழைய வண்டிகளின் பலகை ஹார்ட்போட். மரநாரை அழுத்திச் செய்தது. நீர் பட்டால் அப்பளம்போல் நெளியும், விளிம்பு உப்பி உதிரும், கிளிப் பிடித்திருந்த ஓட்டைகள் அகன்று பலகை ஆடத் தொடங்கும். திம்புள்ளவில் வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை தென்மேற்குப் பருவமழை. மேற்கு நோக்கிய சரிவுகள் ஆதலால் முழு வீச்சும் இங்கேதான். தை முதல் பங்குனிவரையுள்ள வறண்ட குளிர்காற்றில் கிடைக்கும் தேயிலைக்குத்தான் ஏலத்தில் பெயர். மிச்ச மாதங்களில் பனியும் ஈரமும் எல்லாவற்றிலும் ஏறும். புத்தகத்தில் பூஞ்சை, சப்பாத்தில் பூஞ்சை, கதவுக்குள் சேறு. தேயிலைச் செடியின் சருகும் சவுக்குமரத்தின் ஊசியிலையும் பீடிங் இடுக்கு வழியே விழுந்து அந்த அடித்துளைகளை அடைத்துவிட்டால் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டி. வளைவில் திரும்பும்போது உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கும் வண்டிகளில் நீங்களும் போயிருப்பீர்கள்.

என் வண்டியை 2019இல் கொழும்பில் ஒரு பணிமனையில் விட்டேன். பெயர் வேண்டாம். நான்கு கதவுகளுக்கும் சிவப்பு ரெக்சீன் போட்டுப் பளபளவென்று தந்தார்கள். புகைப்படம் எடுத்து ரொறன்ரோவிலுள்ள தம்பிக்கும் அனுப்பினேன். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கடந்த ஆண்டு முன்கதவுப் பலகையின் அடிப்பகுதி கையோடு வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், பழைய ஹார்ட்போட்டின் மீதே புது ரெக்சீனை ஒட்டியிருக்கிறார்கள். தடுப்புத்தாள் நான்கு கதவுகளிலும் இல்லை. கிளிப்புகளில் பாதியை எறிந்துவிட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். ஓர் ஆணியின் நுனி கண்ணாடிப் பாதையில் உரசி, கண்ணாடியில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஒரு கதவில் தாழ்ப்பாளுக்குப் போகும் கம்பியைத் திரும்பக் கொழுவவேயில்லை. ஏழு ஆண்டுகளாக அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காததற்கு வண்டியின் முதுமைதான் காரணம் என்று நான் நம்பியிருந்தேன்! விபத்துச் செய்தி எழுதிய கைகளுக்கு இது சிறிது நடுக்கத்தைத் தரத்தான் செய்தது.

இம்முறை வேலையைத் தலவாக்கலையில் ஓர் இளைஞனிடம் ஒப்படைத்தேன். கடையென்று சொல்ல முடியாது. கூரைத்தகடு போட்ட ஒரு சார்ப்பு, ஒரு பழைய கால்தையல் இயந்திரம், சுவரில் 'குஷன் வேலை செய்யப்படும்' என்று கையால் எழுதிய பலகை. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. பாட்டனார் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், தாயார் இன்னமும் கொழுந்து பறிக்கிறார். முதல் நாள் அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு போத்தல் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்புறம் மெதுவாக ஊற்றி, கதவின் அடியில் கையை வைத்துக் காத்திருந்தான். துளி விழவில்லை.

"சேர், தண்ணி உள்ளதான் நிக்குது. மொதல்ல இத வெளிய எடுக்கணும். ரெக்சீன் பொறகு பாப்போம்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே இவன் வேலைக்காரன் என்று தெரிந்துவிட்டது.

கழற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாடுகளில் சொந்தக் கையால் வேலை பார்க்கும் வாசகர்கள் பலர் இருக்கிறீர்கள். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் கண்ணாடி சுழற்றிக்கும் கதவுக் கைபிடிக்கும் பின்னால் ஒரு வளையம் இருக்கும். அதைப் பலகையை நோக்கி அழுத்தினால் குறுக்கே ஒரு சிறு ஆணி தெரியும். மெல்லிய கம்பியால் அதைத் தள்ளினால் கைபிடி கையோடு வரும். இது தெரியாதவர்கள் கைபிடியை நெம்பி, சுழற்றியின் பற்களையே தேய்த்துவிடுவார்கள். பிற்கால வண்டிகளில் நடுவே ஒரு திருகாணி மட்டும் இருக்கும். 1977க்குப் பின் குவிந்த ஜப்பானிய வண்டிகளில் சுழற்றியின் பின்னால் குதிரை லாடம் போன்ற கம்பிக் கிளிப். அதை எடுக்க ஒரு பழைய துணி போதும்: துணியைச் சுழற்றிக்கும் பலகைக்கும் நடுவில் செருகி, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதுபோல் இருபுறமும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும். எங்கே தெறிக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் கிளிப் பறக்காமலிருக்க மடியில் சாக்கு விரித்துக்கொண்டான்.

பிறகு சாய்மானத்தின் திருகாணிகள். சில, மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். அதன் பின்னரே விளிம்பு. இரும்புத் திருப்புளியால் நெம்பினால் வர்ணம் போகும், பலகையும் கிழியும். மூங்கிலைச் சீவிய தட்டையான துண்டொன்றை வைத்திருந்தான். ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் அதைச் செருகி, கிளிப்பின் கழுத்தடியில்தான் விசை கொடுத்தான். முதலில் அடிப்பக்கம், பிறகு இரு பக்கங்கள், கடைசியில் மேலே. எடுத்த கிளிப்பும் ஆணியும் முட்டைத் தட்டில், எந்தக் கதவின் எந்த மூலை என்று எழுதிய காகிதத்தோடு. கொழும்புப் பணிமனையில் எல்லாவற்றையும் ஒரே பால்மாப் பேணியில் போட்டிருக்க வேண்டும். அதனால்தான் ஆணி அடிக்க வேண்டிவந்தது.

புதுவகை வண்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. மின்கண்ணாடி உள்ள கதவைத் தொடுவதற்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். சில வண்டிகளில் பக்கவாட்டுக் காற்றுப்பைக்குரிய உணரி கதவுக்குள்ளேயே இருக்கிறது. பலகையை இழுத்து வயரோடு தொங்கவிடுவது கூடவே கூடாது.

என் கதவுக்குள் என்னென்ன இருந்தன என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கைப்பிடி சருகு, கறுத்த சேறு, ஒரு தலைமுடி ஊசி, பென்சில் துண்டு, 25 சத நாணயம் ஒன்று. நாணயத்தை அவன் கழுவி என் கையில் வைத்தான். தந்தையார் தொலைத்ததா, துரை தொலைத்ததா, தெரியாது.

சேற்றை அள்ளி, அடித்துளைகளைச் சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டான். திம்புள்ளவில் இரண்டு நாள் வெயில் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. துருவைச் சுரண்டி, துருமாற்றியும் அடிவர்ணமும் பூசி, சுழற்றியின் பற்களுக்குக் கிறீஸ் வைத்து, கண்ணாடியைத் தாங்கும் தகட்டைப் புதிதாகச் செய்து பொருத்தினான். அந்தத் தகட்டை அவன் முடுக்கியபோது நான் கொஞ்சம் அப்பால் போய் நின்றேன்.

பலகைக்குப் பழைய ஹார்ட்போட்டையே அச்சாக வைத்து, உதிர்ந்த மூலைகளை மற்றக் கதவின் பலகையிலிருந்து கணித்து, மூன்று மில்லிமீற்றர் நீர்தாங்கும் ஒட்டுப்பலகையில் வெட்டினான். இரண்டு முகங்களுக்கும் வார்னிஷ், விளிம்புகளுக்கு மூன்று பூச்சு. "விளிம்பாலதான் சேர் தண்ணி குடிக்கும்." அதன்மேல் மெல்லிய ஸ்பொன்ஞ், பிறகு ரெக்சீன். பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக நீவினான். வளைவுகளில் ரெக்சீனைக் கத்தரிக்கோலால் சிறுசிறு முக்கோணமாக நறுக்கி மடித்தான். கைபிடிக்குரிய ஓட்டையை முதலில் சிறிதாகத்தான் வெட்டினான். பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. தையல் வரிகளைப் பழையதைப் பார்த்து எண்ணி வைத்தான். பொலித்தீன் தடுப்பை வைத்து, கீழ்விளிம்பை உள்ளே செருகி, கறுத்த ஒட்டுநாடாவால் சுற்றிலும் மூடினான்.

பலகையை மூடுவதற்கு முன் அவன் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் பின்பற்ற வேண்டும். கதவைத் திறந்தபடியே வைத்து, திருப்புளியால் தாழ்ப்பாளை மூடிய நிலைக்குத் தள்ளி, உட்கைபிடியாலும் வெளிக்கைபிடியாலும் அது விடுபடுகிறதா என்று பத்துத் தடவை பார்த்தான். கம்பி கொழுவாத கதவை அடைத்துவிட்டால் பிறகு திறப்பது பெரும்பாடு. ஏழாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இதை ஒரே ஒரு தடவை செய்திருக்கலாம்.

கூலி, ஒரு கதவுக்கு ஆறாயிரம் ரூபா, பொருட்கள் வேறு. நான்கு கதவுகளுக்கு இருபத்துநாலாயிரம். தொலைபேசியில் இதைக் கேட்ட தம்பி, "அநியாயம் அண்ணா, ஒரு ரெக்சீன் ஒட்டுறதுக்கா?" என்றான். ரொறன்ரோவில் இதே வேலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கொடுப்பாய் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான். நம்மவர்களுக்கு ஊருக்கு வந்தால் கைவேலையின் விலை மட்டும் எப்போதும் அநியாயமாகத்தான் தெரிகிறது. விமானச் சீட்டின் விலை தெரிவதில்லை.

ஒரு கதவுக்கு ஒன்றரை நாள் உழைப்பு. ஆக, ஒரு நாளுக்கு நாலாயிரம். அவனுடைய தாயாரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாவாயிற்று. அதற்கு முந்திய ஆயிரம் ரூபாவுக்காக எத்தனை ஆண்டுகள் ஆர்ப்பாட்டம் நடந்தது என்பதை எழுதி எழுதி எங்கள் பேனாக்கள் தேய்ந்தன. தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தைவிட்டு வெளியேற நமக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான்: கொழும்பில் கடைச் சிப்பந்தி. ஊரிலேயே இருந்து, தாயைவிட இரு மடங்குக்கும் மேல் உழைக்கும் ஒரு கைத்தொழிலை இவன் தானாகவே கற்றிருக்கிறான். கம்பளையில் ஒரு முஸ்லிம் பாஸிடம் நான்கு ஆண்டுகள் கூடமாட நின்று கற்றது. அதற்குச் சான்று அவனிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நாட்டில் தேசிய தொழிற்தகைமை முறை இருக்கிறது. அனுபவத்தால் கற்றவனையும் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்க வழி இருக்கிறது. கேட்டேன். "அதெல்லாம் கொழும்புல உள்ளவங்களுக்குத்தானே சேர்?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தேர்தலுக்குத் தேர்தல் இத்தெருவுக்கு வரும் எங்கள் தலைவர்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தையும் கையோடு கொண்டுவந்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த நாட்டில் பழுதுபார்க்கும் கை என்றைக்கும் பட்டினி கிடந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதி நின்றது. 1977வரை இருந்த வண்டிகளையே ஒட்டி ஒட்டி ஓட்டினோம். இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் தயாரிப்பு 1970களின் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. ஆனால் 1990களில் அந்த வண்டியின் உடற்தகடுகள் இலங்கையில் கையால் அடிக்கப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு ஏற்றுமதியாகின. பிரித்தானியா செய்த வண்டிக்குப் பிரித்தானியாவுக்கே உதிரிப்பாகம் அனுப்பியவர்கள் நாங்கள்! மறுபடி 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டி தங்கமாயிற்று. தங்கத்துக்கு முலாம் பூசுகிறவர்களும் பெருகினார்கள்.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டோரை இழந்தோம். மலைநாடு சரிந்தது, கம்பளையும் களனிக்கரையும் நீரில் மூழ்கின. உயிர்களைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் வண்டிகளைப் பற்றிப் பேசுவது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் மூழ்கிய வண்டிகள் எங்கேயும் போய்விடுவதில்லை. கழுவப்படும், காயவைக்கப்படும், புது ரெக்சீன் போடப்படும், விற்கப்படும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய்ப் பல ஊர்களுக்குப் பரவின. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவிலும் இதே கதை. ஆனால் அங்கே பல மாநிலங்களில், காப்புறுதி நிறுவனம் முழு இழப்பென்று கைவிட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'வெள்ளத்தில் சேதமானது' என்று பொறித்துவிடுகிறார்கள். நம் பதிவுப் புத்தகம் இயந்திர எண்ணையும் சட்ட எண்ணையும் உரிமையாளரையும் சொல்லும். எந்த ஆற்றில் எத்தனை நாள் நின்றது என்பதைச் சொல்லாது.

கதவின் உட்பலகை சொல்லும். வாங்கும் வண்டியின் ஒரு பலகையையாவது கழற்றிப் பாருங்கள். கதவின் அடியில் நீர்க்கறை இருப்பது குற்றமல்ல. மேலே சொன்னபடி அங்கே மழை இறங்கத்தான் செய்யும். ஆனால் பலகையின் பின்முகத்தில், இரும்புச் சட்டத்தின் உட்புறத்தில், முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ ஒரே மட்டமாக ஒரு சேற்றுக்கோடு ஓடுகிறதா? நான்கு கதவுகளிலும் அதே உயரத்தில் ஓடுகிறதா? ஒலிபெருக்கியின் காந்தத்தில் துருவா? வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? இருக்கைப்பட்டியைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுற்றியிருந்த பகுதியில் மண்நிறம் தெரிகிறதா? அப்படியானால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி விடுங்கள். பலகையைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் பதில்தான்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. காப்புறுதி நிறுவனம் வெள்ளச் சேதத்துக்காக முழு இழப்பீடு கொடுத்த ஒவ்வொரு வண்டியின் சட்ட எண்ணையும் பெற்றுப் பதிவில் ஒரு வரி சேர்க்கட்டும். விலை மதிப்பிட வருகிறவர் ஒரு கதவுப் பலகையையாவது கழற்றிப் பார்த்துக் கையொப்பமிடட்டும். இளைஞனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். புயலுக்குப் பிறகு மூன்று பேர் அவனிடம் வந்தார்களாம். உள்ளே ஒன்றும் பார்க்க வேண்டாம், மேலே மட்டும் புதிதாகத் தெரியச் செய்து தா, கூலி இரட்டிப்பு என்று. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினானாம். மூன்றாமவரை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த மாதம் லயத்துக் கூரைக்குத் தகடு வாங்க வேண்டியிருந்தது என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மூன்று கதவுகள் முடிந்துவிட்டன. கண்ணாடி ஒரு விரலால் ஏறுகிறது. நான்காவது, அந்த ஆனிமாத இரவின் பின்கதவு, இன்னும் அவனுடைய சார்ப்பில்தான் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிளிப்புகளில் ஏழு குறைகின்றன, கண்டியிலிருந்து வர வேண்டும். பழைய ஹார்ட்போட் பலகைகளை எறிந்துவிடலாமா என்று நேற்றுக் கேட்டேன். வேண்டாம், தனக்குத் தரும்படி கேட்டான். கொட்டகலையில் இன்னொரு மைனர் இருக்கிறதாம், அதற்கு அச்சுக்கு உதவுமாம்.